புழக்கத்தின் வரலாறு: நார்டிக் அன்றாடப் பொருள்களும் அருங்காட்சியகங்களும்

டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து ஆகிய நார்டிக் நாடுகளின் வடிவமைப்பு அருங்காட்சியகங்களில் தட்டும் கிண்ணமும் கத்தரிக்கோலும் விளக்கும் நாற்காலியும் கண்ணாடிப் பேழைகளுக்குள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் அருகிலுள்ள சிறு அட்டை, வடிவமைத்தவர் பெயர், ஆண்டு, செய்த ஆலை, மூலப்பொருள் என்னும் நான்கு செய்திகளைத் தருகிறது. ஓவியத்துக்கும் சிற்பத்துக்குமென்று உருவான இந்தக் குறிப்பு முறை, ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டு வீடுகளில் புழங்கித் தேய்ந்து உடைந்துபோவதற்கென்றே பிறந்த பொருள்களுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. அந்தப் பொருளை வாங்கியவர் யார், அதனால் யாருடைய வேலை குறைந்தது, அதை உருவாக்கியோருள் எவர் பெயர் விடுபட்டது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, நார்டிக் வடிவமைப்பு பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் வரலாற்றின் பெரும்பகுதி வேறு உருவம் கொள்கிறது.

இந்த அருங்காட்சியகங்கள் தொடக்கத்தில் அன்றாடப் பொருளுக்காக ஏற்பட்டவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆலைப் பொருள்கள் பெருகியபோது, கைவினைஞர்களுக்கும் ஆலை முதலாளிகளுக்கும் நல்ல முன்மாதிரிகளைக் காட்டிச் சுவையை உயர்த்த வேண்டும் என்ற எண்ணம் லண்டனிலிருந்து ஐரோப்பா முழுவதும் பரவியது. ஹெல்சிங்கியில் 1873-லும், அப்போது கிறிஸ்தியானியா எனப்பட்ட ஓஸ்லோவில் 1876-லும், கோபன்ஹேகனில் 1890-லும் இத்தகைய தொகுப்புகள் நிறுவப்பட்டன. அவற்றில் இடம்பெற்றவை பெரும்பாலும் பிற நாடுகளின் சிறந்த பட்டும் பீங்கானும் வெள்ளியும் மரச்செதுக்கும் ஆகும். ஒரு சமையலறைக் கிண்ணம் இக்கூடங்களில் நுழைய ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்கு முதலில் அந்தக் கிண்ணம் ஒரு சமுதாயக் கேள்வியாக மாற வேண்டியிருந்தது.

அந்த மாற்றம் ஸ்வீடனில் தெளிவாகப் புலப்படுகிறது. கல்வியாளரும் எழுத்தாளருமான எல்லன் கேய் 1899-ல் வெளியிட்ட 'அனைவருக்கும் அழகு' என்னும் நூலில், அழகு செல்வரின் உடைமையாக இருக்கக் கூடாது என்றும், எளிய வீடும் ஒழுங்கும் ஒளியும் நல்ல வண்ணமும் பெற வேண்டும் என்றும் வாதிட்டார். 1845 முதல் இயங்கிவந்த ஸ்வீடன் கைத்தொழில் சங்கம் இக்கருத்தை ஏற்று, ஓவியர்களை ஆலைகளில் பணியமர்த்தும் முயற்சியில் இறங்கியது. முதல் உலகப் போரால் வீட்டு நெருக்கடி கடுமையாகியிருந்த 1917-ல் ஸ்டாக்ஹோமின் லில்யேவால்க்ஸ் கலைக்கூடத்தில் அச்சங்கம் நடத்திய வீட்டுக் கண்காட்சி, தொழிலாளர் குடும்பங்கள் வாழும் ஓரறை, ஈரறை வீடுகளுக்கான அறைகலன்களையும் பாத்திரங்களையும் முன்வைத்தது. சங்கத்தின் கொள்கையாளர் கிரெகோர் பால்சன் 1919-ல் எழுதிய 'மேலும் அழகான அன்றாடப் பொருள்' என்னும் சிறு நூல் அந்த இயக்கத்துக்கு ஒரு முழக்கத்தையும் தந்தது.

அக்கண்காட்சியில் வைக்கப்பட்டவற்றுள் இன்று அதிகம் பேசப்படுவது குஸ்தாவ்ஸ்பெர்க் பீங்கான் ஆலைக்காக வில்ஹெல்ம் கோகே என்னும் ஓவியர் செய்த நீல லில்லித் தொகுதி. மலிவான மண்கலத்தில் நீல வண்ணப் பூ அச்சிடப்பட்ட இத்தொகுதி 'தொழிலாளர் பாத்திரம்' என்றே பெயர் பெற்றது. ஆனால் தொழிலாளர்கள் அதை விரும்பி வாங்கவில்லை. நாட்டார் மரபை நினைவூட்டும் அந்த எளிமையில் மனம் பறிகொடுத்தவர்கள் படித்த நடுத்தர வகுப்பினரே. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. நாள் முழுவதும் எளிமையிலேயே உழல்பவருக்கு விருந்தினர் வரும் நாளில் எடுத்து வைக்கும் பாத்திரம் சற்றுப் பகட்டாக இருப்பதே பெருமை. எளிமையை அழகாகக் காண்பதற்கு, அதிலிருந்து ஓரளவு விலகி நிற்கும் வசதி வேண்டும். கோகே 1933-ல் வடிவமைத்த 'பிராக்டிகா' இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய, அடுப்பிலிருந்து நேரே மேசைக்கு வரக்கூடிய, முழுத் தொகுதியாக அன்றித் தனித்தனியாக வாங்கக்கூடிய பாத்திரங்கள் அவை. அதுவும் வணிகத்தில் தோற்றது.

இவ்விரு தோல்விகளையும் அருங்காட்சியகங்கள் அடக்கிப் பேசுவது வருந்தத்தக்கது. 'தொழிலாளர் பாத்திரம்' என்ற பெயரை மட்டும் படித்துச் செல்லும் பார்வையாளர், ஸ்வீடன் தொழிலாளர்கள் இதில்தான் உண்டார்கள் என்று நம்பிவிடக்கூடும். எல்லோருக்குமான வடிவமைப்பு என்பது மேலிருந்து வழங்கப்பட்ட ஒரு கொடையாகவே முதலில் அமைந்தது என்பதும், பெறுவோரின் விருப்பம் அதில் கேட்கப்படவில்லை என்பதும் அந்த நீலப் பூக்கள் சொல்லும் உண்மையான செய்தி. ஆயினும் பிராக்டிகாவின் எண்ணம் வீண்போகவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின் அது பின்லாந்தில் வேறு சூழலில் வேர்விட்டது.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் பின்லாந்து கரேலியா நிலப்பகுதியைச் சோவியத் ஒன்றியத்திடம் இழந்தது. அங்கிருந்து வெளியேறிய 4,00,000-க்கும் மேற்பட்ட மக்களை மற்ற இடங்களில் குடியமர்த்த வேண்டியிருந்தது. 1952 வரை போர் இழப்பீட்டுப் பொருள்களும் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றுகொண்டிருந்தன. புதிதாகக் கட்டப்பட்ட வீடுகளோ சிறியவை. இந்நிலையில் 1945-ல் ஹெல்சிங்கியின் அராபியா பீங்கான் ஆலையில் சேர்ந்த கய் ஃப்ராங்க், குடும்பங்கள் உண்மையில் எவற்றைப் பயன்படுத்துகின்றன என்பதிலிருந்து சிந்திக்கத் தொடங்கினார். சூப்புக் கலமும் குழம்புக் கலமும் வகைவகையான தட்டுகளும் அடங்கிய பெரிய விருந்துத் தொகுதி அவருக்கு இறந்துபோன வாழ்க்கைமுறையின் எச்சமாகப் பட்டது. 1953-ல் விற்பனைக்கு வந்த 'கில்தா' அந்தத் தொகுதியையே கலைத்துப்போட்டது. வட்டம், சதுரம், செவ்வகம், கூம்பு ஆகிய அடிப்படை வடிவங்களில், ஓவியமோ பொன்விளிம்போ இன்றி, வெள்ளையும் கறுப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமுமாக அமைந்த பாத்திரங்களை எவரும் தம் தேவைக்கும் கையிருப்புக்கும் ஏற்பத் தனித்தனியே வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே பாத்திரம் சமைக்கவும் பரிமாறவும் எஞ்சியதை எடுத்து வைக்கவும் உதவியது.

கில்தாவின் பால் குவளையில் இந்தச் சிந்தனை மிக நுட்பமாக வெளிப்படுகிறது. குளிர்பதனப் பெட்டி பரவலாகாத அக்காலத்தில் பின்லாந்துக் குடும்பங்கள் பாலைக் கெடாமல் வைத்திருக்க, இரட்டைச் சாளரத்தின் இரு கண்ணாடிகளுக்கும் இடைப்பட்ட குளிர்ந்த இடத்தைப் பயன்படுத்தின. அந்த இடுக்கில் நிற்கும் அகலத்துக்கு ஏற்பக் குவளை ஒடுக்கமாக அமைக்கப்பட்டது. அருங்காட்சியகப் பேழையில் அதே குவளை நிற்கும்போது, அதன் ஒடுக்கம் வடிவ அழகாக மட்டுமே தோன்றுகிறது. அருகில் ஒரு சாளரச் சட்டத்தையும் வைத்துக் காட்டினால் அரை நூற்றாண்டுக்கும் முந்தைய குடும்பமொன்றின் குளிர்கால நாள் முழுவதும் விளங்கிவிடும். 1970-களின் நடுவில் கில்தா நிறுத்தப்பட்டு, 1981-ல் உறுதி மிகுந்த வேறு களிமண் கலவையில் 'தேமா' என்ற பெயரில் திரும்பி வந்து இன்றும் விற்பனையில் உள்ளது. 1960-களில் ஃப்ராங்க், அன்றாடப் பாத்திரங்களை வடிவமைப்பவர் பெயரால் விளம்பரப்படுத்தும் வழக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தார். பலர் உழைப்பில் உருவாகும் பொருளை ஒருவர் பெயரில் விற்பது நேர்மையன்று என்பது அவர் நிலைப்பாடு. அவர் பெயரையே முதல் வரியாகக் கொண்ட அட்டைகள் இன்று அவருடைய பாத்திரங்களின் அருகில் நிற்கின்றன.

அதே பின்லாந்தில், அதே ஆண்டுகளில், எந்தப் பேழையிலும் எளிதில் அடங்காத ஒரு பொருள் உருவாயிற்று. வேலைத்திறன் சங்கம் என்னும் அமைப்பில் வீட்டுப் பொருளியல் பிரிவுக்குத் தலைமை வகித்த மையு கெப்ஹார்ட், ஒரு பெண் தன் வாழ்நாளில் பாத்திரம் துலக்கித் துடைப்பதில் ஏறத்தாழ 30,000 மணி நேரத்தைச் செலவிடுகிறாள் என்று கணக்கிட்டார். கழுவிய பாத்திரத்தைத் துணியால் துடைக்கும் வேலையை அடியோடு நீக்க முடியும் என்பது அவர் கண்ட வழி. தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே, அடிப்பலகை இல்லாத ஓர் அலமாரியைப் பொருத்தி, அதனுள் குறுக்குச் சட்டங்களில் ஈரப் பாத்திரங்களை நிறுத்திவிட்டால், நீர் தொட்டியிலேயே வடிந்துவிடும். பாத்திரம் உலர்ந்த இடமே அதன் இருப்பிடமும் ஆகும். கதவைச் சாத்தினால் சமையலறையும் ஒழுங்காகத் தோன்றும். இதே எண்ணம் அதற்கு முன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருந்தாலும், ஒரு நாட்டின் வீடுகள் அனைத்துக்கும் அது சென்று சேர்ந்தது பின்லாந்தில்தான். 1940-களின் நடுவில் சோதிக்கப்பட்ட இந்த உலர்த்தலமாரி, 1940-களின் இறுதியில் ஆலை உற்பத்திக்கு வந்தது. முதலில் மரச்சட்டமும் பின்னர் பிளாஸ்டிக் பூசிய கம்பியும் கொண்டு செய்யப்பட்டது. இன்று அது இல்லாத சமையலறையை அந்நாட்டில் காண்பது அரிது.

வடிவமைப்பின் வரலாற்றை மக்கள் வாழ்வில் நிகழ்ந்த மாற்றத்தைக் கொண்டு எழுதினால், கெப்ஹார்டின் அலமாரிக்கு, பின்லாந்துக் கட்டடக்கலைஞர் அல்வார் ஆல்தோவின் புகழ்பெற்ற அலைவடிவப் பூச்சாடிக்கு முன்னால் இடம் தர வேண்டும். 1936-ஆம் ஆண்டுக் கண்ணாடிப் பொருள் போட்டியொன்றுக்கென வரையப்பட்டு, மறு ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட அந்தச் சாடி அழகில் குறைந்ததன்று. ஆனால் அதன் புகழுக்கு அது எளிதில் எடுத்துச் செல்லத்தக்கது, படம்பிடிக்கத்தக்கது, ஒருவர் பெயரோடு இணைந்தது என்பனவும் துணைநின்றன. உலர்த்தலமாரியோ கட்டடத்தின் பகுதி. அதைப் பிரித்தெடுத்துச் சுவரில் மாட்டினால் வெறும் சட்டப்பெட்டி. அதை உருவாக்கியவர் ஓவியரோ கட்டடக்கலைஞரோ அல்லர். வீட்டு வேலையை அறிவியலாகப் படித்த பெண். இந்த மூன்று காரணங்களாலும் வடிவமைப்பு நூல்களில் அது நெடுங்காலம் ஓரத்திலேயே நின்றது.

கெப்ஹார்ட் வேலை நேரத்தை அளந்தார்; டென்மார்க்கிலோ பொருள்களை அளவெடுப்பது ஒரு பள்ளி மரபாகவே வளர்ந்தது. கோபன்ஹேகன் அருங்காட்சியகம் 18-ஆம் நூற்றாண்டு மருத்துவமனைக் கட்டடம் ஒன்றுக்கு 1926-ல் இடம்பெயர்ந்தபோது அதைப் புதுப்பித்தவர்களுள் ஒருவரான கோரே கிளிண்ட், தம் மாணவர்களைப் பழைய நாற்காலிகளை அளந்து வரையச் சொன்னார். தட்டுகளையும் சட்டைகளையும் மனித உடலையும் அளந்து, அந்த அளவுகளிலிருந்து அலமாரியும் இருக்கையும் பிறக்க வேண்டும் என்று கற்பித்தார். அவர் மாணவர் பொர்கே மோகென்சென் கூட்டுறவுச் சங்கங்களின் அறைகலன் பிரிவுக்காக 1947-ல் செய்த ஜே39 நாற்காலி, பின்னாளில் 'மக்கள் நாற்காலி' என்று அழைக்கப்பட்டதற்கு அந்தக் கூட்டுறவுக் கடைகளே காரணம். நீல லில்லிக்குக் கிட்டாத விற்பனை வழி அதற்கு இருந்தது. டென்மார்க் வடிவமைப்பாளர் பௌல் ஹென்னிங்செனின் பிஎச் விளக்கும் அளவின் பிள்ளையே. மின்குமிழ் கண்ணைக் கூசவைக்கக் கூடாது, வெளிச்சமும் வீணாகக் கூடாது என்ற இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற, ஒருவகைச் சுருள் வளைவைப் பின்பற்றி அவர் மூன்று மறைப்புகளை அடுக்கினார்.

அட்டையின் முதல் வரியான பெயரே நம்பத்தகாததாகிவிடும் இடங்களும் உண்டு. டென்மார்க்குச் சமையலறைகளில் மாவு பிசையவும் முட்டை அடிக்கவும் பயன்படும் மார்கிரேதே கிண்ணம், அந்நாட்டின் அப்போதைய இளவரசியின் பெயரைத் தாங்கியது. ஒருபுறம் ஊற்றுவாயும் மறுபுறம் பிடியும் கொண்ட இந்த மெலமைன் பிளாஸ்டிக் கிண்ணம், ஸ்வீடன் அரச குடும்பத்துச் சிக்வார்ட் பெர்னடோட்டும் அக்டன் பியோர்னும் நடத்திய நிறுவனத்தின் படைப்பாக நெடுங்காலம் குறிக்கப்பட்டது. அதை வரைந்தவர் அந்நிறுவனத்தில் ஊழியராக இருந்த யாக்கோப் யென்சென். அவர் பிற்காலத்தில் வானொலிப் பெட்டிகளாலும் இசை கேட்கும் கருவிகளாலும் உலகப் புகழ் பெறாமல் இருந்திருந்தால் இந்தத் திருத்தம் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. நார்வேயில் இதற்கு மறுதலையான நிலை. காத்ரினெஹோல்ம் ஆலையின் எனாமல் கிண்ணங்களில் எல்லோரும் அடையாளம் காணும் தாமரை இதழ் வரிசை, கிண்ணத்தின் வடிவத்தை உருவாக்கிய கிரேதே ப்ரித்ஸ் கித்தெல்செனுடையதாக இன்றும் பலரால் கருதப்படுகிறது. அதை வரைந்தவர் அர்னே கிளாவுசென். கித்தெல்செனுக்கோ தம் வழுவழுப்பான வடிவத்தின் மேல் அந்த அலங்காரம் ஏறியதில் உடன்பாடு இருக்கவில்லை.

காகிதக் கவ்வியின் கதை இவற்றைக் காட்டிலும் சிக்கலானது. நார்வேக்காரரான யோஹான் வோலர் 1901-ல் ஒரு கவ்விக்கு ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். கம்பியின் கடைசி வளைவு இல்லாத அவருடைய வடிவம் காகிதத்தைச் சரியாகப் பற்றாது. அது விற்பனைக்கு வந்ததும் இல்லை. தமிழகத்து அலுவலகங்களில் ஜெம் கிளிப் என்று வழங்கும் வடிவம் அதற்கு முன்பே பிரிட்டனிலும் பிறவிடங்களிலும் புழக்கத்தில் இருந்தது. ஆனால் 1940 முதல் 1945 வரை ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த நார்வேயில், ஒன்றிணைந்து நிற்பதன் அடையாளமாக மக்கள் சட்டை மடிப்பில் கவ்வியை அணிந்தனர். போருக்குப் பின் வோலரின் காப்புரிமையும் இந்த நினைவும் ஒன்றுகலந்து, கவ்வி நார்வேயின் கண்டுபிடிப்பு என்னும் நம்பிக்கை உறுதிப்பட்டது. 1989-ல் ஓஸ்லோவுக்கு அருகில் வோலர் நினைவாக ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரக் கவ்விச் சின்னம் நிறுவப்பட்டபோதும், 1999-ல் அஞ்சல் தலை வெளியிடப்பட்டபோதும், வடிக்கப்பட்டது வோலரின் வடிவமன்று, ஜெம் வடிவமே. இதனால் அந்தப் பொருளின் மதிப்பு குறைந்துவிடுவதில்லை. அதைச் சட்டையில் அணிந்தவர்களின் துணிவு, கண்டுபிடித்தவர் யார் என்பதைச் சார்ந்ததே அன்று.

'ஸ்காண்டிநேவிய வடிவமைப்பு' என்னும் தொடர் உலக வழக்கானது 1954 முதல் 1957 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் சுற்றிவந்த கண்காட்சியால் ஆகும். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே நார்டிக் பொருள்கள் பெயரோ புகழோ இன்றி உலகின் வீடுகளுக்குள் சென்றிருந்தன; அவற்றுள் இரண்டு தமிழர் சமையலறைக்கும் வந்தன. ஒன்று, ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் 1892-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரைமஸ் அடுப்பு. மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தால் ஆவியாக்கிப் புகையில்லாமல் எரிக்கும் இந்த அடுப்பு, 1911-ல் துருவப் பயணி அமுண்ட்சென் குழுவோடு தென்துருவம் சென்றதாலேயே மேலை அருங்காட்சியகங்களில் பெருமை பெறுகிறது. பம்ப் ஸ்டவ் என்ற பெயரில் அதன் வழிவந்த அடுப்புகளில் தலைமுறைகளாகச் சமைத்த பெண்களின் அனுபவம், வெடித்த அடுப்புகளின் துயரம் உட்பட, துருவப் பயணத்துக்குச் சற்றும் குறையாத வரலாறு.

மற்றொன்று தீப்பெட்டி. ஸ்வீடன் வேதியியலாளர் குஸ்தாவ் எரிக் பாஷ் 1844-ல் காப்புரிமை பெற்ற முறை, பாஸ்பரஸைக் குச்சியின் தலையிலிருந்து நீக்கிப் பெட்டியின் உரசும் பக்கத்துக்கு மாற்றியது. நச்சுத்தன்மை குறைந்த சிவப்புப் பாஸ்பரஸைக் கொண்டு யோன்ஷோப்பிங் நகரின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைப் பெருந்தொழிலாக்கினர். வெள்ளைப் பாஸ்பரஸைக் கையாண்ட தொழிலாளர்களின் தாடை எலும்பை அரித்த கொடிய நோய்க்கு இது மாற்று வழியைத் தந்தது. எனினும் அந்நகரில் வீடுகளில் அமர்ந்து பெட்டி ஒட்டியவர்கள் பெண்களும் குழந்தைகளுமே. பழைய ஆலைக் கட்டடத்திலேயே 1948-ல் திறக்கப்பட்ட யோன்ஷோப்பிங் தீக்குச்சி அருங்காட்சியகம் இயந்திரங்களையும் வண்ண ஒட்டுத்தாள்களையும் காப்பாற்றிவருகிறது. ஸ்வீடன் தீக்குச்சிக் குழுமம் 1923-ல் இந்தியாவில் நிறுவிய விம்கோ நிறுவனத்தின் பெயர் வடசென்னையில் விம்கோ நகராக நிலைத்திருக்கிறது. அந்நிறுவனத்தோடு போட்டியிட்டே சிவகாசியின் கைத்தொழில் வளர்ந்தது. பெட்டி ஒட்டிய சிறுவர்களின் கதை யோன்ஷோப்பிங்கிலும் சிவகாசியிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதை அந்த ஒட்டுத்தாள்களின் அருகில் எழுதிவைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

புழங்குவோரையே தொடக்கமாகக் கொண்ட வடிவமைப்பு 1970-களில் ஸ்வீடனில் முழுமை பெற்றது. மூட்டுவாதத்தால் கை வலுவிழந்தவர்களைக் கூர்ந்து கவனித்த மரியா பெங்க்ட்சோனும் ஸ்வென்-எரிக் யூலினும் 1974-ஐ ஒட்டிக் குஸ்தாவ்ஸ்பெர்க் நிறுவனத்துக்காக ஒரு ரொட்டிக் கத்தியை வடிவமைத்தனர். கத்தியின் பிடி வெட்டுவாய்க்குச் செங்குத்தாக, ரம்பத்தின் பிடி போல நிற்கிறது. அதனால் மணிக்கட்டை வளைக்காமல் முழங்கையின் பலத்தால் அறுக்கலாம். பக்கச் சட்டங்கள் கொண்ட பலகை கத்தியை வழிநடத்துகிறது. பாத்திரத் தொகுதிகள் வழியே தொழிலாளருக்குச் சுவை கற்பிக்க முனைந்த அதே ஆலை, நோயாளியிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வரை சென்ற அந்தக் கத்தியின் தோற்றத்தில் அழகைத் தேடிச் சேர்த்த தடயம் எதுவும் இல்லை; வலிக்காத கை ஒன்றே அதன் நோக்கம், அந்த நோக்கத்தாலேயே அது அழகாகவும் இருக்கிறது.

எவை வடிவமைப்பு அருங்காட்சியகத்துக்கு உரியவை, எவை இனவரைவியல் அருங்காட்சியகத்துக்கு உரியவை என்ற பாகுபாடும் இவ்விடத்தில் ஆராயத்தக்கது. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகியவற்றின் வடபகுதியில் வாழும் தொல்குடியினரான சாமி மக்கள், பூர்ச்ச மரத்தின் கணுவைக் குடைந்து குடிகலமும், கலைமான் கொம்பால் கத்தியும் கரண்டியும், மர வேரால் கூடையும் செய்துவருகின்றனர். துவோஜி எனப்படும் இக்கைவினையில், பயன்பாடும் பொருளின் இயல்பும் அழகும் பிரிக்க முடியாதபடி இணைந்துள்ளன. நார்டிக் வடிவமைப்பின் இலக்கணம் என்று நூல்கள் சொல்வதெல்லாம் இதற்குப் பொருந்தும். இருந்தும் ஆல்தோவின் பூர்ச்ச மர முக்காலி வடிவமைப்புக் கூடத்தில் நின்றபோது, சாமி குடிகலம் செய்தவர் பெயரின்றி, பெரும்பாலும் செய்த ஆண்டும் இன்றி, ஓர் இனத்தின் எடுத்துக்காட்டாக வேறு கட்டடத்தில் அடுக்கப்பட்டது. ஆராய்ச்சியாளர்களும் அதிகாரிகளும் திரட்டிச் சென்ற இப்பொருள்களைத் திருப்பித் தரும் பணி அண்மையில்தான் நடைபெறத் தொடங்கியது. 2021-ல் பின்லாந்து தேசிய அருங்காட்சியகம் 2,000-க்கும் மேற்பட்ட சாமி பொருள்களை இனாரியில் உள்ள சாமி அருங்காட்சியகமான சீதாவிடம் ஒப்படைத்தது. நார்வேயிலும் 'போஸ்தெதே' என்னும் திட்டத்தின்கீழ் ஓஸ்லோ தொகுப்புகளில் ஒரு பெரும்பகுதி சாமி அருங்காட்சியகங்களுக்குத் திரும்புகிறது.

திரும்பிய பொருள்கள் அங்கே பயிற்சிக்கும் உதவுகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியோடு வழக்கொழிந்த லாஜோகாஹ்பிர் என்னும் சாமி பெண்களின் கொம்புத் தொப்பியை, ஓவியர் ஔத்தி பியெஸ்கியும் ஆய்வாளர் ஏவா-கிறிஸ்டினா நியுலான்டரும் அருங்காட்சியகங்களில் எஞ்சியவற்றைத் தேடி ஆராய்ந்து, பட்டறைகளில் சாமி பெண்களோடு சேர்ந்து மீண்டும் தைக்க வழிசெய்தனர். பின்பக்கம் உயர்ந்து நிற்கும் மரக்கொம்பு எப்படிப் பொருத்தப்பட்டது, துணி எந்தத் திசையில் வெட்டப்பட்டது என்பவற்றை அவர்கள் பழைய தொப்பிகளின் தையலிலிருந்தே கற்றனர். அந்தப் பட்டறைகளில் தைத்த தொப்பிகளைப் பெண்கள் இப்போது அணிகின்றனர்.